கையடக்க மின்னூற் கருவியும் தமிழ்ப் படிப்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

இவ்வாண்டு எனக்கு வகுத்தளிக்கப்பட்ட பொருள் சற்றுப் புதுமையானது. இலக்கிய விழாவில் இலக்கியத்தைப் பற்றிப் பேசாமல், இலக்கியத்தைத் தாங்கும் கருவி ஒன்றைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறார்கள். இ-ரீடர் என்றும் கிண்டில் என்றும் நம் இளைஞர்கள் வழங்குகின்ற மின்னூற் படிப்பான்களுள், அளவிற் சிறியனவும் விலை குறைந்தனவுமான சிலவற்றை நம் நூலகத்துக்கு வாங்கலாமா என்னும் வினா செயற்குழுவில் எழுந்ததாம். 'வாங்கலாம்' என்போரும் உளர். 'அப்பணத்துக்குப் புத்தகம் வாங்குவோம்' என்போரும் உளர். இரு சாராரும் தமிழ்ப்பற்று மிக்கவர்களே. ஆகவே விருப்பு வெறுப்பின்றி அக்கருவியை எடைபோட்டுப் பார்ப்பதே என் கடமை ஆகின்றது.

நூலைச் சிறிதாக்குவதும் மலிவாக்குவதும் தமிழ் உலகுக்குப் புதியன அல்ல. 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்', இந்திய மண்ணில் இந்திய எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் மிகவும் முற்பட்டது. அது 16 பக்கங்களே கொண்ட சிறு நூல். பின்னர்த் தரங்கம்பாடியில் சீகன்பால்கும் அவர்தம் தோழர்களும் அச்சகம் நிறுவியபோது, ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரியனவாக இருந்தன. காகிதமோ அரிதாக இருந்தது. ஆதலின் உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டு, 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தனர். நம் காலத்துக்கு இன்னும் அணித்தாக, 1950-களின் பிற்பகுதியில், சென்னை மர்ரே நிறுவனத்து எஸ். ராஜம் அவர்கள் சங்க நூல்களை மலிவுப் பதிப்புகளாக வெளியிட்டார். அவர் விலையைக் குறைத்ததோடு அமையவில்லை. அறிஞர்களைக் கொண்டு பாடத்தைச் செப்பம் செய்து, சந்தியைப் பிரித்து, பயிற்சியில்லாதவனும் படிக்குமாறு பக்கங்களை அமைத்தார்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் அளவுகோல் ஒன்று உண்டு. சிறுமையும் மலிவும் தம்மளவில் சிறப்பு ஆகா. படிப்பவன் கைக்கு நூல் எளிதில் எட்டுதல் வேண்டும். எட்டிய நூல் பிழையின்றிக் கண்ணுக்கு இனிதாதல் வேண்டும். அந்நூல் அவனுக்கும் அவன் ஊராருக்கும் உரியதாய் நிலைத்தல் வேண்டும். இம்மூன்றும் வாய்த்தால் மட்டுமே மலிவுக்குப் பொருள் உண்டு. இன்றைய கருவியையும் இவ்வளவுகோல் கொண்டே அளப்போம்.

முதலில் கருவியின் இயல்பைக் காண்போம். செல்பேசியின் திரை தானே ஒளி வீசுவது. மின்னூற் படிப்பானின் திரையோ காகிதத்தைப் போன்று, தன்மேல் விழும் ஒளியைத் திருப்பிக் காட்டுவது. இதற்கு மின்மை என்று பெயர் சொல்லலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் ஜேக்கப்சனும் அவர்தம் மாணவர்களும் உருவாக்கிய இம்முறையைக் கொண்டு, 1997-இல் ஈ இங்க் என்னும் நிறுவனம் தோன்றியது. திரைக்குள்ளே கண்ணுக்குப் புலப்படாத நுண்குமிழ்கள் எண்ணற்றவை உள்ளன. ஒவ்வொரு குமிழிலும் தெளிந்த நீர்மம் ஒன்றில் வெண்துகள்களும் கருந்துகள்களும் மிதக்கின்றன. அவை ஒன்றுக்கொன்று மாறான மின்னேற்றம் உடையன. மின்புலத்தை ஒரு புறம் திருப்பினால் வெண்மை மேலெழும். மறுபுறம் திருப்பினால் கருமை மேலெழும். எழுத்து இவ்வாறு உருப்பெற்றபின், அதை அவ்வாறே நிறுத்திவைக்க மின்னாற்றல் தேவையில்லை. பக்கம் புரட்டும்போது மட்டுமே அது செலவாகும். ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் படிக்கலாம் என்று சொல்வதன் காரணம் இதுவே.

இத்தகைய திரையுடன் சோனி நிறுவனம் 2004-இல் ஜப்பானில் ஒரு படிப்பானை வெளியிட்டது. அமேசான் நிறுவனத்தின் கிண்டில் 2007-இல் அமெரிக்காவில் 399 டாலருக்கு வந்தது; 2012-இல் இந்தியக் கடைகளில் 6,999 ரூபாய்க்கு விற்பனையாயிற்று. 2019-இல் வந்த எளிய வகையின் விலை 7,999 ரூபாய். இவ்வெளிய வகைகளின் திரை, மூலைக்கு மூலை 6 அங்குலம். அதாவது ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் அகலமும் 12 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. 2019-இன் எளிய வகையில் ஓர் அங்குலத்துக்கு 167 புள்ளிகள் இருந்தன. 2022-இன் வகையில் அவை 300 ஆயின. அதன் எடை 158 கிராம். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் மடியில் வைத்துப் படித்த கைகள் இவ்வெடையின் அருமையை அறியும்.

கொள்ளளவைப் பற்றியும் ஒரு சொல். இன்றைய கணினிகள் பின்பற்றும் யூனிகோடு முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு வழக்கமாக மூன்று பைட் இடம் வேண்டும். ஆங்கில எழுத்துக்கு ஒன்று போதும். தமிழ் இவ்வாறு மும்மடங்கு இடம் பிடித்தாலும், திருக்குறள் 1,330 பாக்களும் கால் மெகாபைட் அளவிலேயே அடங்கிவிடும். கம்பர் பாடிய பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் சில மெகாபைட்டுக்குள் அடங்கும். 2022-இன் எளிய வகையிலோ 16 ஜிகாபைட் இடம் உண்டு. ஆகவே, 'அதிகக் கொள்ளளவு உடையது' என்று சொல்லி விலையை உயர்த்துவோரிடம் தமிழ்ப் படிப்பாளி மயங்க வேண்டுவதில்லை.

இனித் தமிழுக்கே உரிய சோதனைகளுக்கு வருவோம். ஆங்கிலப் படிப்பாளி எழுதும் மதிப்புரைகள் நமக்கு அரைப்பயனே தரும். ஏனெனில், ஆங்கில எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பவை. தமிழிலோ 'கெ' என்று எழுதும்போது, ஒலியில் பின்வரும் உயிரின் குறி எழுத்தில் முன்வந்து நிற்கிறது. 'கொ' என்பதில் குறி இரண்டாகப் பிரிந்து மெய்யை இருபுறமும் அணைக்கிறது. இவ்வரிசையை அறியாத கருவியில் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலுமாகச் சிதறும். அல்லது எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வெறுங்கட்டம் தோன்றும். எனவே கருவியை வாங்குமுன் அதில் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். கொம்பும் காலும் தத்தம் இடத்தில் உள்ளனவா, புள்ளி எழுத்தின்மேல் தெளிவாக நிற்கிறதா, ஔகாரக் குறியும் ளகரமும் வேறுபட்டுத் தெரிகின்றனவா, கிரந்த எழுத்துகள் உடையாமல் வருகின்றனவா என்று பாருங்கள். இச்சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும்.

இரண்டாவது சோதனை வரியின் அகலம். தமிழ்ச் சொற்கள் நீண்டவை. புணர்ந்தால் இன்னும் நீளும். முதியோருக்காக எழுத்தைப் பெரிதாக்கினால், சிறு திரையில் ஒரு வரிக்கு மூன்று சொற்களே நிற்கும். அவ்வரியை இருபுறமும் சமமாக இழுத்து நிறுத்த முயலும் கருவி, சொற்களுக்கிடையே பெரும்பள்ளங்களை உண்டாக்கிவிடும். இடப்புறம் மட்டும் ஒழுங்குபடுத்தும் வசதியும், எழுத்துருவை மாற்றும் வசதியும் உள்ளனவா என்று கேட்டறிய வேண்டும். இவ்விரண்டும் உள்ள கருவி, பார்வை மங்கிய பெரியோர்க்கு அச்சுநூல் செய்ய இயலாத உதவியைச் செய்யும். அச்சிட்ட எழுத்து நம் விருப்பத்துக்கு வளராது, இவ்வெழுத்து வளரும்.

மூன்றாவது சோதனை மிக இன்றியமையாதது. தமிழில் கணினியேறிய பழைய நூல்கள் பல, பக்கங்களை அப்படியே படம் பிடித்த பி.டி.எஃப். கோப்புகளாகவே கிடைக்கின்றன. பக்கத்தின் படம் படமே. அதில் எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. சிறு கணக்கு ஒன்று போடுவோம். வழக்கமான டெம்மி அளவுப் புத்தகத்தின் பக்கம் ஏறத்தாழ 21.5 சென்டிமீட்டர் உயரம் உடையது. அதை 12 சென்டிமீட்டர் உயரத் திரையில் அடக்கினால், எழுத்து ஏறக்குறையப் பாதியளவாகச் சுருங்கிவிடும். 11 புள்ளி அளவில் அச்சான எழுத்து, 6 புள்ளி எழுத்தாகத் தோன்றும். அதைப் படிக்க உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும்! ஆகவே, 'ஆயிரக்கணக்கான தமிழ் நூல்கள் இதில் வரும்' என்று ஒருவர் சொன்னால், அவை எழுத்துக் கோப்புகளா, படக் கோப்புகளா என்று திருப்பிக் கேளுங்கள். படக் கோப்புகளைப் படிக்கவே கருவி தேடுவோர், சிறிய படிப்பானை வாங்காதிருத்தல் நலம். அவர்களுக்குப் பெரிய திரையுடைய பலகைக் கணினியே ஏற்றது.

அவ்வாறாயின் எழுத்துக் கோப்புகள் எங்கே உள்ளன? இங்கேதான் உலகத் தமிழர்க்கு நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் அவர்கள் தலைமையில் மதுரைத் திட்டம் தொடங்கிற்று. பல நாடுகளிலும் வாழும் தமிழன்பர்கள் ஊதியம் ஏதுமின்றிப் பழைய நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தனர். பிறர் மெய்ப்புப் பார்த்தனர். யாவர்க்கும் இலவசமாக வழங்கினர். அக்காலத்தில் ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு வகைத் தமிழ்க் குறியீடு வழங்கியது. அந்த இடர்ப்பாட்டினிடையே நிகழ்ந்த தொண்டு அது. 2013-இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் என்னும் முயற்சி, இக்கால எழுத்தாளரின் இசைவு பெற்ற நூல்களைப் படிப்பான்களுக்கு உரிய வடிவங்களில் வழங்கி வருகிறது. 6 அங்குலத் திரைக்கென்றே அளவிட்ட பக்கங்களையும் அமைத்துள்ளது. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களும் உள. கல்கியின் படைப்புகள் 1999-இல் அவ்வாறு ஆக்கப்பட்டவை. இவற்றையெல்லாம் தங்குதடையின்றி ஏற்கும் கருவியே நமக்கு மலிவான கருவி. ஆயிரம் ரூபாய் குறைவாக விற்றாலும் இவற்றை ஏற்க மறுக்கும் கருவி, விலை மிகுந்த கருவியே ஆகும்.

இங்கு உரிமையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2016-ஆம் ஆண்டு இறுதியில் அமேசான் தன் மின்னூற் கடையில் தமிழ், இந்தி, மராத்தி, குஜராத்தி, மலையாளம் ஆகிய ஐந்து மொழி நூல்களுக்கு இடம் தந்தது. தமிழ் அப்பட்டியலில் இடம்பெற்றது மகிழ்ச்சிக்குரியது. எனினும் நாம் வாழும் நாட்டின் மொழியாகிய கன்னடம் அன்று அதில் இடம்பெறவில்லை. நம் பிள்ளைகளுக்குத் தமிழும் வேண்டும், கன்னடமும் வேண்டும். கருவியைச் சோதிக்கும்போது ஒரு கன்னடப் பக்கத்தையும் திறந்து பார்ப்பது நம் கடப்பாடு. இனி, கடையில் வாங்கும் மின்னூல் பெரும்பாலும் படிக்கும் உரிமமே அன்றி நூலின் உடைமை அன்று. 2009-இல் அமேசான், உரிமைச் சிக்கல் எழுந்த காரணத்தால், ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய இரு நூல்களை வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே நீக்கியது. பின்னர் அச்செயலுக்கு வருத்தமும் தெரிவித்தது. 2025 பிப்ரவரியில், வாங்கிய நூல்களைக் கணினியில் இறக்கிக் கம்பி வழியே கருவிக்கு மாற்றும் வசதியை நிறுத்தியது. தனியொருவர் இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். நூலகத்தின் நிலை வேறு. நூலகம் என்பது ஒரு நூலை நூறு பேருக்கு இரவல் தருவதற்கென்றே ஏற்பட்டது. இரவல் தர இயலாத நூல், நூலகத்து நூல் ஆகாது. ஆதலின், சங்கத்துக்கென வாங்கும் கருவிகளில் தடையற்ற, நாமே படியெடுத்து வைத்துக்கொள்ளக் கூடிய கோப்புகளையே முதலில் நிரப்புதல் வேண்டும் என்பது என் கருத்து.

அன்பர்களே! மலிவான கருவி ஒன்றை மக்களிடம் கொண்டு சேர்க்கும் முயற்சி இந்தப் பெங்களூர் நகரிலேயே முன்னொருமுறை நிகழ்ந்திருக்கிறது. இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்கள் சிலரும் இந்நகரத்து என்கோர் மென்பொருள் நிறுவனத்தாரும் சேர்ந்து, சிம்ப்யூட்டர் என்னும் கையடக்கக் கணினியை வடிவமைத்து 2001-இல் அறிமுகம் செய்தனர். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இந்திய மொழிகளில் பயன்படுத்துமாறு, எழுத்தைப் பேச்சாக்கும் திறனையும் அதற்கு அளிக்க முனைந்தனர். ஒரு கருவியை ஊரார் பலர் பகிர்ந்துகொள்ளலாம். ஒவ்வொருவரும் தமக்குரிய சிறு அட்டையைச் செருகிக்கொள்ளலாம் என்பது அவர்கள் கண்ட வழி. உயர்ந்த எண்ணம், திறமான வடிவமைப்பு. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் உற்பத்தி செய்ய, 2004-இல் அமிடா என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. தொடக்க விலை 10,000 ரூபாயை ஒட்டியிருந்தது. கர்நாடகத்தின் 'பூமி' நிலப்பதிவுத் திட்டத்திலும் அது பயன்பட்டது. ஆயினும் எதிர்பார்த்த அளவில் ஒரு சிறு பங்கே விற்றது. அதற்குள் விலை குறைந்த செல்பேசிகள் பரவிவிட்டன. பொதுமக்கள் அன்றாடம் விரும்பித் தேடும் பொருள் அக்கருவிக்குள் போதிய அளவு நிறையவும் இல்லை.

அம்முயற்சியைக் குறைகூற நான் இதனைச் சொல்லவில்லை. அதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுதான்: கருவியின் விலை அன்று, கருவிக்குள் இருக்கும் பொருளே அதன் வாழ்நாளை முடிவு செய்கிறது. ஐந்து படிப்பான்களை வாங்கி, நிலைப்பேழையில் பூட்டி, ஆண்டு விழாவில் மட்டும் எடுத்துக் காட்டினால், அவை மூன்றாம் ஆண்டில் மின்கலம் செத்த பலகைகளாகிவிடும்.

'எல்லார் கையிலும் செல்பேசி இருக்க, தனிக்கருவி எதற்கு?' என்று கேட்போர்க்கும் விடை கூற வேண்டும். செல்பேசியிற் படிக்கலாம், படிப்போரும் பலர். ஆனால் அது ஓயாமல் அழைக்கும் கருவி. ஒரு பக்கம் முடியுமுன் மணி ஒலிக்கும், செய்தி வரும், படம் ஓடும். மின்னூற் படிப்பானின் குறைகளே ஈண்டு குணங்களாகின்றன. அது விரைவற்றது, வண்ணமற்றது, ஆடல் பாடல் காட்டாது. படிப்பதன்றி வேறொன்றுக்கும் பெரிதும் உதவாது. இதே காரணத்தால் சிறு குழந்தைகளின் படப் புத்தகங்களுக்கு அது ஏற்றதன்று. அவற்றை அச்சிலேயே வாங்குவோம். பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டி ஒப்புநோக்க வேண்டிய இலக்கண உரைகளுக்கும் அச்சுநூலே வசதி. கதையும் கட்டுரையும் தனிப்பாடலும் வரிசையாகப் படித்துச் செல்வோர்க்கே இச்சிறு கருவி நல்ல துணை.

நம் நகரத்து நிலையை நினைத்துப் பாருங்கள். அல்சூரிலும் சிவாஜி நகரிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. தொழில்நுட்ப வேலைக்கென அண்மையில் வந்து நகரின் எல்லைகளில் குடியேறியோரும் உண்டு. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் பலர் தமிழ் படிக்கத் தெரியாமல் வளர்கின்றனர். பேச்சு செவி வழியே வந்துவிடும். எழுத்து கண்ணின் பழக்கத்தால் மட்டுமே வரும். பாட்டனார் சேர்த்த நூல்களைப் பேரன் திறக்க இயலாமற்போனால், அவை பழைய புத்தகக் கடைக்கே போய்ச்சேரும். இவ்வாபத்துக்குக் கருவி மட்டும் மருந்தாகாது. ஆனால் நூலகத்துக்கு வர நெடுந்தொலைவு பயணம் செய்யவேண்டிய இந்நகரில், ஒரு மாத இரவலில் ஒரு நூலகத்தையே கையில் கொடுத்தனுப்பும் வாய்ப்பை நாம் புறக்கணிப்பதும் முறையன்று.

ஆகவே செயற்குழுவின் ஆய்வுக்கு மூன்று கருத்துகளை முன்வைக்கின்றேன். முதலாவது, புத்தகம் வாங்கும் நிதியைக் குறைக்காமல், தனி நன்கொடையைக் கொண்டு முதலில் இரண்டு கருவிகளை மட்டும் வாங்கலாம். நான் கூறிய சோதனைகளை முதியோர் ஒருவரும் மாணவர் ஒருவரும் உடனிருந்து செய்து பார்த்தபின் வாங்குவதே முறை. இரண்டாவது, அவற்றில் இடப்படும் நூல்களைத் தேர்ந்து, வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க இளைஞர் குழு ஒன்றை அமைக்கலாம். பிழை மலிந்த ஆயிரம் நூல்களைவிடச் செப்பமான ஐம்பது நூல்கள் மேல். மூன்றாவது கருத்தையே முதன்மையாகக் கருதுகிறேன். நம் நூலகத்தில், பதிப்புரிமைக் காலம் கழிந்து, தாள் பழுத்து உதிரும் நிலையிலுள்ள நூல்கள் இருப்பின், அவற்றுள் ஆண்டுக்கு ஒன்றையேனும் நாமே தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, உலகத் தமிழர்க்கு இலவசமாக வழங்கலாம். தமிழ் படிக்கக் கற்கும் பிள்ளைகளும் பெரியோரின் அருகிலமர்ந்து இப்பணியில் ஈடுபடலாம். பிறர் இட்ட கூழை உண்டு மகிழ்வதோடு நில்லாமல், நாமும் ஒரு படி அரிசி கொண்டுசெல்வதே தமிழ்ச் சங்கத்துக்கு அழகு.

அப்பணி நடக்குமாயின், எக்கருவி வாங்கினாலும் அது நமக்குப் பயன்படும். இன்றைய கருவி நாளை பழுதுற்றாலும் நாம் செப்பம் செய்த நூல் அடுத்த கருவிக்கு மாறிச் செல்லும். ஓலையிலிருந்து தாளுக்கு மாறிவந்த தமிழ், தாளிலிருந்து திரைக்கும் மாறும். மாற்றி எழுதும் கைகள் ஒவ்வொரு தலைமுறையிலும் வேண்டும். இத்தலைமுறையில் அக்கைகள் நம்முடையனவாகட்டும்.